மூன்று பண்ணைகளில் செத்த கன்று

பிப்ரவரி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, ஊர் வாரப் பத்திரிகை நான்கு பக்கம் கூடுதலாக வந்தது. அந்தப் பக்கங்களில் கால்பந்து இல்லை, கல்யாணம் இல்லை, பழைய டிராக்டர் ஏல விளம்பரம்கூட இல்லை. பெல்க்ரீக் கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அரசாங்கத்திடம் விவசாய மானியம் வாங்கியவர்களின் பெயர், எதிரே தொகை, அவ்வளவுதான். அதிகம் வாங்கியவர் மேலே, குறைவாக வாங்கியவர் கீழே.

யாரும் பூட்டி வைத்திருந்த ரகசியம் இல்லை. கேட்டால் அரசாங்கமே எடுத்துக் கொடுக்கும். பத்திரிகை நடத்தும் ரோஸ்லின் கேட்டாள், கொடுத்தார்கள். அதுவரை ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்றால் அது ஊரின் நாகரிகம்.

காலை ஒன்பது மணிக்குள் கடையில் ஒரு பிரதி மிச்சமில்லை. அன்று முழுக்க ஊரில் யாரைக் கேட்டாலும், அந்தக் குப்பையை யார் படிக்கிறார்கள் என்றுதான் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் தொகை சில்லறை உட்பட மனப்பாடமாகியிருந்தது.

பட்டியலில் முதல் பெயர் டெல்மர் ஹ்ரூபி. பதினோரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் டாலர். நகரத்தில் அரசாங்க உணவுக் கூப்பன் வாங்கிச் சாப்பிடுகிற சோம்பேறிகளால்தான் இந்த நாடு நாசமாகிறது என்று தானியக் கூட்டுறவுக் கிடங்கின் காபி மேஜையில் தினமும் காலை ஏழரை மணிக்கு விளக்கிச் சொல்பவர் அவர். ஏழாவது பெயர், ஓமஹா நகரத்தில் பல் பிடுங்கும் ஒரு மருத்துவருடையது. அவருக்கு மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் வித்தியாசம் தெரியுமா என்பது சந்தேகம். பன்னிரண்டாவது, அரிசோனாவில் நீச்சல் குளத்து ஓரம் வாழும் ஒரு விதவை. மற்றபடி தேவாலயக் குழு, பள்ளிக்கூட வாரியம், தீயணைப்புத் தொண்டர் படை என்று ஊரே அதில் இருந்தது.

இல்லாத பெயர் ஒன்று. ஆர்லன் விடெக்.

ஆர்லனுக்கு அறுபத்தோரு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஏக்கர், பெரும்பாலும் புல்வெளி, இருநூற்றுப் பத்து கறுப்பு அங்கஸ் பசுக்கள். அரசாங்கத்துப் பணத்தில் ஒரு சென்ட்கூடத் தொடாத மனிதன் என்று அவருக்கு ஊரில் பெயர் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தக் காலில் நிற்பதைப் பற்றிப் பேசுவதற்கு அவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் போய்ப் பேசியிருக்கிறார்.

உண்மை அவருக்கும் மனைவி லொரேட்டாவுக்கும் மட்டும் தெரியும். இருபத்து மூன்று வயதில் ஒரே ஒரு தடவை அவர் விவசாய அலுவலகத்துக்குப் போனார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, ஒன்பதாவது பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, நாளை வா என்றார்கள். மறுநாள் வைக்கோல் கட்டுகிற வேலை இருந்தது, போகவில்லை. அதற்கு மறுநாள் கோபம் இருந்தது, போகவில்லை. பிறகு போகாமலிருப்பது வழக்கமாகி, வழக்கத்தை ஊரார் கொள்கை என்று எடுத்துக்கொண்டார்கள். கொள்கை என்று நாலு பேர் சொன்ன பிறகு மறுக்க ஆர்லனுக்கு மனம் வரவில்லை. சும்மா கிடைத்த மரியாதையை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காபி மேஜைக்குப் போனபோது அவருக்கு உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. யாராவது முதுகில் தட்டுவார்கள், யாராவது தொப்பியைத் தொட்டு மரியாதை செய்வார்கள் என்று நினைத்தார். வழக்கம்போலக் காபிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டினார்கள், ஆர்லன் தோற்றார். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் டெல்மர்தான் வாயைத் திறந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வேலியின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள்.

"உன் மானியம் எந்தக் கம்பெனி பேருல வருதுடா ஆர்லன்?"

"எந்தக் கம்பெனி பேருலயும் இல்ல. நான் வாங்கல."

"சரி சரி. நாங்க கேக்கல."

மேஜையில் இருந்த எல்லோரும், கேட்காத விஷயத்தைப் புரிந்துகொண்ட முகத்தோடு காபியைப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஊரில் மூன்று கதைகள் உலவின. ஆர்லன் மச்சினன் பெயரில் வாங்குகிறார் என்பது ஒன்று. கொலராடோவில் அவருக்கு ஒரு நிறுவனம் இருக்கிறது என்பது இன்னொன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் அதிகம் நம்பினார்கள். ரோஸ்லினுக்குப் பணம் கொடுத்துப் பெயரை எடுக்க வைத்துவிட்டாராம். தாம் வாங்கியதற்கு விவசாயிகள் 'பாதுகாப்பு வலை' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள், நல்ல பெயர்தான். ஆனால் அந்த வலையில் விழாமலேயே ஒருவன் நடந்துகொண்டிருப்பது அவர்களுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

லொரேட்டா பட்டியலின் முதல் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள். ஆர்லன் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பதினோரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் என்ற எண் மூக்குக்கு நேரே நின்றது. காபியைப் பாலில்லாமல் குடிக்கப் பழகிக்கொண்டார்.

மார்ச் பதினான்காம் தேதி பனிப்புயல் வந்தது.

காலையில் மழையாகத் தொடங்கியது. மதியம் காற்று வடக்கே திரும்பி, நனைந்த கன்றுகளின் மேல் பனியைக் கொண்டுவந்து அறைந்தது. கன்று ஈனும் பருவத்தின் நட்ட நடு. ஆர்லனும் லொரேட்டாவும் முப்பத்தாறு மணி நேரம் தூங்கவில்லை. பிறந்து ஒரு மணி நேரமான கன்றுகளை வண்டியின் முன் இருக்கையில் ஏற்றி, ஹீட்டரைத் திருகிவிட்டு, சமையலறைக்குக் கொண்டுவந்தார்கள். சமையலறைத் தரையில் பதினோரு கன்றுகள் பிழைத்தன. வெளியே நாற்பத்து மூன்று செத்தன.

புயல் ஓய்ந்த மறுநாள் ஆர்லன் மண் அள்ளும் லோடரை எடுத்து மேட்டுப் பக்கம் ஒரு குழி தோண்டி, நாற்பத்து மூன்றையும் வரிசையாகப் படுக்க வைத்து மூடினார். தாய்ப் பசுக்கள் வேலி ஓரம் நின்று கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் கண்ணில் படும்படி செத்ததைப் போட்டு வைப்பது சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. நரி வரும், நோய் வரும் என்பதும் காரணம். ஒழுங்கான பண்ணைக்காரன் செய்கிற வேலை அது. அந்த ஒழுங்குக்கு என்ன விலை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் வருடாந்தரக் கடனைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனார். கடன் பிரிவில் ட்ரெண்ட் என்ற இளைஞன் இருந்தான். மிகவும் மரியாதையான பையன், கெட்ட செய்தியைச் சொல்லும்போது நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொள்வான். நகர்த்திக்கொண்டான்.

மற்ற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அரசாங்கப் பணம் நிலையான வருமானம் என்று காட்ட முடிகிறது, உங்களுக்கு வெறும் மாடு மட்டும்தான் இருக்கிறது என்று விளக்கினான். வெறும் மாட்டை நம்பி மாட்டுப் பண்ணைக்குக் கடன் கொடுப்பதில் ஆபத்து அதிகம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்களாம். புயலில் செத்த கன்றுக்கு இழப்பீடு இருக்கிறதே, வாங்கி வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றான். அதை ஒரு பரிகாரம் போலத்தான் சொன்னான்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆர்லன் அந்த அலுவலகத்தின் கதவைத் தள்ளினார். பெஞ்ச் அதே பெஞ்ச். கவுண்டரில் கார்லீன் இருந்தாள். இருபத்தொன்பது ஆண்டுகளாக அங்கே வேலை பார்ப்பவள். ஊரில் யார் என்ன விதைத்தார்கள் என்பது விதைத்தவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"உட்காருங்க ஆர்லன். முதல்ல நீங்க விவசாயின்னு நிரூபிக்கணும்."

"கார்லீன், போன வருஷம் உங்க வீட்டுக் குளிர்பெட்டிக்கு அரை மாடு நான்தானே கொடுத்தேன்."

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உங்க பேரே அதுல இல்ல. இதுல பதினாலு இடத்துல கையெழுத்துப் போடுங்க."

பதினான்கு இடத்தில் போட்டார். ஒன்பதாவது பக்கத்தில் இரண்டு முறை சரிபார்த்தார். மூன்று வருட வரிக் கணக்கு, நில வரைபடம், மாட்டு எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் கொண்டுவருவதற்காக நான்கு முறை போய் வந்தார். கடைசியில் கார்லீன் மிச்சமிருந்த ஒன்றைக் கேட்டாள். செத்த கன்றுகளின் படம் வேண்டும். படம் இல்லையென்றால் நேரில் பார்த்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். புயல் அடித்து முப்பது நாளுக்குள் வேண்டும். இன்று இருபத்தேழாவது நாள்.

நேரில் பார்த்தவர்கள் லொரேட்டாவும் பசுக்களும்தான். லொரேட்டா மனைவி என்பதால் செல்லாது. பசுக்களைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் டெல்மர் வண்டியை வேலி ஓரம் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. விவசாய அலுவலகத்தின் மூன்று பேர் கொண்ட கவுண்டி கமிட்டிக்கு அவர்தான் தலைவர். யாருக்கு இழப்பீடு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்வது அந்தக் கமிட்டி. விவசாயிகளின் கஷ்டம் விவசாயிகளுக்குத்தான் தெரியும் என்பதால், விவசாயிகளையே விவசாயிகள் தேர்ந்தெடுத்து, விவசாயிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்க வைத்திருக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு, அதில் யாரும் குறை சொன்னதாக இதுவரை தகவல் இல்லை.

"பொதைச்சிட்டியாமே," என்றார் டெல்மர்.

"ஆமா."

"யாராவது பொதைப்பாங்களாடா? இழப்பீட்டுப் பணம் வர்ற வரைக்கும் செத்த கன்னும் கன்னுதான். சரி விடு. எங்கிட்ட கொட்டகைக்குப் பின்னாடி இன்னும் குவிச்சுத்தான் போட்டிருக்கேன். நாளைக்குக் காலைல வந்து படம் எடுத்துக்கோ."

"உன் கன்ன நான் எதுக்குப் படம் எடுக்கணும்?"

"எல்லாம் கறுப்பு அங்கஸ்தானே. செத்தப்புறம் எதுடா உன்னுது, எதுடா என்னுது? லைல் வந்து எடுத்துட்டுப் போனான். வாரன் ரெண்டு பக்கத்துலேருந்தும் எடுத்தான். நீ மட்டும் என்ன?"

லைலும் வாரனும் கமிட்டியின் மற்ற இரண்டு உறுப்பினர்கள். டெல்மர் உண்மையிலேயே உதவி செய்யத்தான் வந்திருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் குரலில் கள்ளத்தனம் கொஞ்சமும் இல்லை. மண்வெட்டி இரவல் கொடுக்கிற மாதிரி செத்த கன்றுகளை இரவல் கொடுத்தார். போகும்போது லொரேட்டாவிடம் ஆப்ரிகாட் பன் இருக்கிறதா என்று கேட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆர்லன் போனார். போனதைப் பற்றிப் பின்னால் அவர் பெருமைப்பட்டதில்லை, ஆனால் போனார். வங்கிக் கடன், வைக்கோல் பாக்கி, பால் எடுக்கும்போதெல்லாம் மூக்கில் இடித்த அந்த எண், எல்லாமாகச் சேர்ந்து அவரை வண்டியில் ஏற்றிவிட்டன.

கொட்டகைக்குப் பின்னால் குவியல் கிடந்தது. வெயில் பட ஆரம்பித்து நாற்றம் கண்ணைக் கரித்தது. பதினைந்தோ பதினாறோ இருக்கும். டெல்மரின் விண்ணப்பத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டார். எல்லாம் கறுப்பு. உச்சியில் கிடந்த ஒன்றுக்கு மட்டும் இடது கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வரைந்த மாதிரி ஒரு வெள்ளை வளையம் இருந்தது. பக்கத்துப் பண்ணையின் வெள்ளை முக ஹெர்போர்டு காளை ஏதோ வேலி தாண்டி வந்திருக்க வேண்டும். அந்தக் கண் பாதி திறந்து, வருகிறவர்களை எல்லாம் பார்த்தபடி இருந்தது. ஆர்லன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து மேஜையில் கைப்பேசியை வைத்தார். லொரேட்டா எடுத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது நம்ம கன்னு இல்ல."

"எல்லாம் கறுப்புத்தானே."

"நம்ம கன்னு எனக்குத் தெரியும் ஆர்லன். அதுல ஆறு என் மடியிலதான் செத்துச்சு."

ஆர்லன் கைப்பேசியை எடுத்து இரண்டு படங்களையும் அழித்தார். அழிப்பதற்கு எந்த இடத்தில் அழுத்துவது என்று தெரியாமல் அவளிடமே கேட்க வேண்டியிருந்தது. அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

பிறகு லோடரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். லொரேட்டா ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். மூன்றரை வாரம் மண்ணுக்குள் கிடந்ததை மறுபடி வெளியே எடுப்பது எப்படி இருக்கும் என்பதை விவரிக்காமல் விடுவது நல்லது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கடைசி ஓர் அடி மண்ணை மண்வெட்டியால் தோண்டினார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் கிடத்தி, லொரேட்டா அட்டையில் எண் எழுதிப் பக்கத்தில் வைக்க, ஆர்லன் படம் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்து மூன்று வரை. நடுவில் ஒரு தடவை லொரேட்டா வேலிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். ஆர்லன் கூப்பிடவில்லை, காத்திருந்தார். எல்லாம் முடிந்ததும் மறுபடி படுக்க வைத்து மூடினார்கள். இரண்டாவது தடவை மூடும்போது தாய்ப் பசுக்கள் கத்தவில்லை, அவை மறந்திருந்தன.

முப்பதாவது நாள் ஆர்லன் நாற்பத்து மூன்று படங்களையும் கவுண்டரில் வைத்தார். மூன்று தடவை குளித்தும் நாற்றம் போகவில்லை. பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்கள். கார்லீன் மட்டும் மூக்கைச் சுளிக்காமல் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். இவ்வளவு வருடத்தில் எண் போட்டு யாரும் கொடுத்ததில்லை என்றாள். பாராட்டினாளா, எச்சரித்தாளா என்பது அவருக்குப் புரியவில்லை.

மே மாதம் கமிட்டி கூடியது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் புயல் விண்ணப்பங்கள் முப்பத்தொன்று. கமிட்டி உறுப்பினர்களே விண்ணப்பித்திருந்தால் என்ன செய்வது என்பதற்கும் நேர்மையான விதி உண்டு. டெல்மரின் விண்ணப்பம் வந்தபோது டெல்மர் எழுந்து நடைபாதையில் போய் நின்றார். மற்ற இருவரும் அனுமதித்தார்கள். அவர் உள்ளே வந்ததும் லைல் வெளியே போனார். பிறகு வாரன் போனார். நடைபாதையில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது, மூவரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வந்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்லன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தேழு விண்ணப்பங்கள் கையெழுத்துப் போடும் வேகத்தில் முடிந்தன. இருபத்தெட்டாவது ஆர்லனுடையது. டெல்மர் கோப்பைத் திறந்து படங்களைப் புரட்டினார். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"உன்மேல சந்தேகம்னு யாரும் சொல்லல ஆர்லன். ஆனா படத்தப் பாத்தா மண்ணுக்குள்ளேருந்து வந்த மாதிரி இருக்குது."

"மண்ணுக்குள்ளேருந்துதான் வந்துச்சு. நான்தான் தோண்டினேன்."

"அங்கதான் சிக்கல். புயல்ல செத்துச்சா, அதுக்கு முந்தியே சீக்குல செத்துச்சான்னு நாங்க எப்படிச் சொல்றது? மேல தணிக்கைக்காரன் வந்தா எங்களத்தான் கேப்பான்."

லைல், விதிமுறை தங்கள் கையில் இல்லை என்றார். வாரன், அடுத்த புயலுக்குள் நல்ல வழக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார். டெல்மர் பேனாவை எடுத்தார்.

ஆர்லன் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். பள்ளிக்கூடத்தில் பேசியபோதும் லொரேட்டா எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தார். ஆனால் அன்று வார்த்தை தானாக வந்தது, அதுவும் மெதுவாக.

"விதிமுறைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க மூணு பேரு படத்தையும் கார்லீன் எடுத்து இந்த மேஜையில பக்கத்துல பக்கத்துல வைக்கட்டும். மூணுலயும் இடது கண்ணச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட கன்னு ஒண்ணு மேல கிடக்கும். அது யாரு பண்ணையில செத்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

கார்லீன் எழுந்து கோப்பு அலமாரிக்குப் போய் மேல் இழுப்பறையை இழுத்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லாதவள் மாதிரி கையை உள்ளே விட்டு மூன்று கோப்புகளையும் ஒரே பிடியில் எடுத்தாள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, தனியாக வைக்கப்பட்டிருந்தன.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப," என்றார் வாரன். "வை, வை. மனுஷன் தோண்டி எடுத்துக் கொண்டாந்திருக்கான். வேற என்ன ஆதாரம் வேணும்? நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் லைல், வாரன் முடிப்பதற்குள்.

ஒருமனதாக நிறைவேறியது. ஆர்லன் எழுந்ததிலிருந்து உட்கார்ந்தது வரை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கார்லீன் மூன்று கோப்புகளையும் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்து இழுப்பறையைத் தள்ளினாள். பிறகு இருபத்தொன்பதாவது விண்ணப்பம் என்று அறிவித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆர்லன் ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. தன்னுடையது நியாயமான பணம்தான், நாற்பத்து மூன்றும் தன் கன்றுகள்தான். ஆனாலும் அதை வாங்கியது கன்றுகளின் படத்தால் அல்ல, வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லாமல் சொன்னதால்தான் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. லொரேட்டாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை விட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அதோட விட்டுட்டியா? புகார் கொடுத்திருக்கலாமே."

"யாருகிட்ட?"

"மாநில ஆபீஸ்ல."

அதையும் ஆர்லன் வெளியே வரும்போது கார்லீனிடம் கேட்டிருந்தார். மாநில அலுவலகத்துக்குப் புகார் போனால், உள்ளூர் விஷயங்களை நேரில் அறிந்தவர்கள் என்ற முறையில் கவுண்டி கமிட்டியின் கருத்தைக் கேட்டு எழுதுவார்களாம். கார்லீன் அப்படி ஒரு கடிதத்துக்குத் தன் கையாலேயே பதில் தட்டச்சு செய்திருக்கிறாளாம். கமிட்டி சொல்லச் சொல்ல. லொரேட்டா மறுபடி வெங்காயத்தை நறுக்கினாள்.

செப்டம்பரில் பணம் வந்தது. இயல்பாகச் சாகிற கன்றுகள் என்று பத்தைக் கழித்து, மிச்ச முப்பத்து மூன்றுக்குப் பதினைந்தாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் டாலர். காலையில் கணக்கில் விழுந்தது, மதியச் சாப்பாட்டுக்குள் வங்கி வட்டியாகப் போனது. ட்ரெண்ட் போன் செய்து வாழ்த்துச் சொன்னான்.

ஆனால் ஊர் மாறியிருந்தது. பத்திரிகையில் இனி வரும் பட்டியலில் ஆர்லன் விடெக் என்ற பெயரும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊருக்கே ஒரு நிம்மதி. சாலையில் வண்டியில் எதிர்ப்படுகிறவர்கள் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவதை விட்டுவிட்டுக் கையையே தூக்கினார்கள். வாரன் டிராக்டர் ஒன்றை இரவல் கொடுத்தார். லைலின் மனைவி பெரிய பாத்திரத்தில் சில்லி என்கிற மாட்டிறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கொலராடோ நிறுவனத்தைப் பற்றிய பேச்சு நின்றது. கொள்கை, பிடிவாதம் என்றெல்லாம் இருந்த ஆள் கடைசியில் நம்மைப் போன்ற நல்ல மனிதனாகிவிட்டான் என்று டெல்மர் மனமாரச் சொன்னதாகக் கேள்வி.

டிசம்பரில் கமிட்டித் தேர்தல். லைலின் பதவிக்காலம் முடிந்தது. தபாலில் வந்த வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெயர் அச்சாகியிருந்தது, ஆர்லன் விடெக். முன்மொழிந்தது டெல்மர். வேண்டாம் என்று எழுதிப் போட ஆர்லன் நினைத்தார். உள்ளே போனால்தானே எதையாவது சரிசெய்யலாம் என்று லொரேட்டா சொன்னாள், அவருக்கும் அது சரியென்று பட்டது. அறுபத்தேழு ஓட்டு வாங்கி, எதிர்ப்பில்லாமல் வென்றார்.

ஜனவரியில் முதல் கூட்டம். ஆர்லன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். லொரேட்டா எழுதிக் கொடுத்த தாள் பையில் இருந்தது. இனிமேல் புயலில் மாடு செத்தால் படம் மட்டும் போதாது, கமிட்டி ஆள் ஒருவர் நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

டெல்மர் மிகுந்த கவனத்தோடு கேட்டார். அருமையான யோசனை என்றார். வழிமொழிய யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். வாரன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் கார்லீன் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். ஆனால் அவள் கமிட்டி உறுப்பினர் இல்லை. அரை நிமிடம் போனது. வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விவாதத்துக்கு வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

அடுத்த பொருள், கூட்ட அறையின் தரைவிரிப்பை மாற்றுவது. சாம்பல் நிறமா, பழுப்பு நிறமா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். பழுப்பில் சேறு தெரியாது என்று ஆர்லன் சொன்னார். அதை வாரன் உடனே வழிமொழிந்தார்.